மண்டபம் 'கேம்ப்': புது மீனுக்கும் புது ஆளுக்கும் எத்தனை நாள்?

(ஆடியோ எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சு நடை சில இடங்களில் மட்டும் திருத்தப்பட்டிருக்கிறது.)

இன்னைக்கு எபிசோட் ஒரு முகவரியில இருந்து தொடங்குது.

ஒரு நாள் ராத்திரி கோமாளி மீன் வளர்ப்பு பத்தின ஒரு கையேட்டைப் படிச்சுக்கிட்டு இருந்தேன். நீமோன்னு சொன்னா எல்லாருக்கும் புரியும்: ஆரஞ்சு உடம்பு, வெள்ளைப் பட்டை. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தோட ஒரு மையம் ராமேஸ்வரம் போற வழியில, பாம்பன் பாலத்துக்கு இந்தப் பக்கம் இருக்கு. இந்த மீனைக் கடல்ல போய்ப் பிடிக்காம, தொட்டியிலேயே முட்டையிட வெச்சு குஞ்சு பொரிக்கிற தொழில்நுட்பத்துக்குப் பேர் வாங்கின இடம் அது. முகவரியைப் பார்த்தேன்: மண்டபம் கேம்ப், 623520. ரயில்வே ஸ்டேஷன்கூட அப்படித்தான். மண்டபம்னு ஒண்ணு, மண்டபம் கேம்ப்னு இன்னொண்ணு.

என்ன கேம்ப்? மிலிட்டரியா?

தேடிப் பார்த்தா, அது குவாரன்டைன் கேம்ப். மனுஷங்களுக்கானது. இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போன நம்ம ஆளுங்களைக் கப்பல் ஏத்துறதுக்கு முன்னாடி நிறுத்தி வெச்ச இடம்.

நான் இதைப் படிக்கும்போது பக்கத்து டேபிள் மேல என்னோட குவாரன்டைன் தொட்டி ஓடிக்கிட்டு இருந்தது. நாற்பது லிட்டர், ஒரு ஸ்பாஞ்ச் ஃபில்டர், ஒரு ஹீட்டர், மீன் ஒளிஞ்சுக்க ரெண்டு துண்டு பி.வி.சி. பைப். உள்ளே புதுசா வாங்கின ரெண்டு மீன், இருபத்திரண்டாவது நாள்.

கடல் மீன் தொட்டின்னா திருப்பூர்ல கொஞ்சம் வேடிக்கையான பொழுதுபோக்கு. கடல் ரொம்பத் தள்ளி இருக்கு. அதனால ஆர்.ஓ. தண்ணியில பாக்கெட் உப்பைக் கலந்து நாமளே கடலைச் செய்யணும், லிட்டருக்குச் சுமார் 35 கிராம். முதல் தடவை பக்கெட்ல உப்பைக் கொட்டிக் கலக்கினப்போ, இருபது வருஷம் சாயப்பட்டறையில வேலை பார்த்த எங்க அப்பா வந்து நின்னு பார்த்தார். "ஏன் கண்ணு, தண்ணியில இருக்கற உப்பை எடுக்கறதுக்கு இந்த ஊரே கோடி கோடியாக் கொட்டுது. நீ காசு குடுத்து உப்பு வாங்கி நல்ல தண்ணியில போடறயா?" பதில் சொல்ல முடியலை. நொய்யலுக்கும் ஒரத்துப்பாளையம் அணைக்கும் என்ன ஆச்சுன்னு உங்களுக்கே தெரியும். 2011 ஜனவரியில சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னதும், அதுக்கப்புறம் ஜீரோ டிஸ்சார்ஜுக்கு ஊர் மாறினதும் தனி எபிசோட். அதைப் பிறகு பார்க்கலாம்.

முதல்ல என் தப்பைச் சொல்லிடறேன். என் முதல் தொட்டியில குவாரன்டைன் எல்லாம் கிடையாது. ரெண்டு கோமாளி மீன், ரெண்டு டேம்செல், ஒரு கோபி நல்லா இருந்துச்சு. அப்புறம் ஒரு நீல டாங் வாங்கினேன். டோரி. கடைக்காரர், "பத்து நாளாக் கடையிலதாங்க தம்பி இருக்குது, நல்லாச் சாப்பிடுது" என்றார். பொய் சொல்லலை, நிஜமாவே நல்லா சாப்பிட்டது. வீட்டுக்கு வந்து பையைத் தொட்டியில மிதக்கவிட்டு, அரை மணி நேரத்தில உள்ளே விட்டுட்டேன். ஒன்பதாவது நாள் காலையில அதோட உடம்பு மேல யாரோ உப்பைத் தூவின மாதிரி வெள்ளைப் புள்ளி. அடுத்த மூணு வாரத்தில தொட்டியில மிஞ்சினது ஒரே ஒரு கோமாளி மீன். அதை ஞாபகம் வெச்சுக்கோங்க, திரும்ப வரும்.

அந்தப் புள்ளிக்குக் காரணமான ஒட்டுண்ணியைப் பத்தி 1930-கள்ல ஜப்பான்ல சிகாமா என்பவர் எழுதினார். லண்டன் விலங்கியல் பூங்காவின் மீன் காட்சியகத்தில் ஆராய்ச்சி செய்த பிரவுன் 1951-ல் அதற்கு கிரிப்டோகேரியான் இர்ரிட்டன்ஸ் என்று பெயர் வைத்தார். 'மறைந்த உட்கரு, எரிச்சலூட்டுவது' என்று அர்த்தம். ஒரே ஒரு செல் உயிரி. இதே பிரவுன்தான் அதுக்கு இருபது வருஷம் முன்னாடி, 1931-ல், வெல்வெட் நோய்னு நாம சொல்ற இன்னொரு ஒட்டுண்ணியையும் விவரிச்சவர். கவனிச்சீங்களா, ரெண்டு நோய்க்கும் லண்டன் காட்சியகத் தொட்டியோட தொடர்பு இருக்கு. கடல்ல இந்த ஒட்டுண்ணிகள் எப்பவும் இருந்தது. ஆனா கடல்ல ஒரு மீனை விட்டு விழுந்த ஒட்டுண்ணியின் குஞ்சுகளுக்கு அடுத்த மீன் கிடைக்கிறது லாட்டரி மாதிரி. கண்ணாடிப் பெட்டிக்குள்ள எல்லாச் சீட்டுக்கும் பரிசு.

அதோட வாழ்க்கை நாலு கட்டம். மீனின் தோலுக்கும் செவுளுக்கும் அடியில புகுந்து மூணுல இருந்து ஏழு நாள் தின்னும். நாம பார்க்கிற வெள்ளைப் புள்ளி இதுதான். அப்புறம் மீனை விட்டு விழும், பெரும்பாலும் இருட்டில. மணல்லயோ கல்லுலயோ ஒட்டிக்கிட்டு மேல ஒரு ஓடு கட்டிக்கும். ஓட்டுக்குள்ள நூத்துக்கணக்காப் பிரியும். சீக்கிரம்னா மூணு நாள், சிலது வாரக்கணக்கில எடுத்துக்கும். கடைசியில ஓடு வெடிச்சு நீந்திக்கிட்டு வெளியே வரும். ஒண்ணு ரெண்டு நாளுக்குள்ள மீன் கிடைக்கலைன்னா செத்துப்போகும். அதனாலதான் ராத்திரி வேளை. மீன் அடியில அசையாம தூங்குற நேரம் அது.

புள்ளி மறைஞ்சுதுன்னா மீன் குணமாயிடுச்சுன்னு சந்தோஷப்படுவோம். உண்மையில ஒட்டுண்ணி அடுத்த வேலைக்குக் கிளம்பியிருக்கு. "பத்து நாளா நல்லா இருக்கு"ன்னு கடைக்காரர் சொன்னதுல பொய் இல்லாம இருக்கலாம், ஆனா அந்த வார்த்தையால எனக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை. செவுளுக்குள்ள ரெண்டு மூணு இருந்தா யார் கண்ணுக்கும் தெரியாது.

இப்போ மண்டபத்துக்குப் போவோம்.

குவாரன்டைன் என்ற வார்த்தை 'நாற்பது' என்ற இத்தாலியச் சொல்லில் இருந்து வந்தது. பிளேக் பயத்தில் 1377-ல் ரகூசா நகரம், அதாவது இன்றைய டுப்ரோவ்னிக், வெளியூரில் இருந்து வருபவர்களை முப்பது நாள் தள்ளி நிறுத்தியது. பிறகு அது நாற்பதாகியது. அந்த நாற்பதுக்குப் பின்னால் எந்த உயிரியல் கணக்கும் இல்லை. கிருமி என்ற ஒன்று இருப்பதே அப்போது யாருக்கும் தெரியாது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் நம் தென் மாவட்டங்களில் இருந்து இலங்கைக்குப் போனவர்கள் கங்காணிக்குப் பின்னால் கூட்டமாகப் போனார்கள். ராமநாதபுரம் கரையில் தோணி ஏறி மன்னாரில் இறங்கி, காட்டு வழியே மாத்தளை வரை நடை. வழியெல்லாம் காலரா. வழியிலேயே செத்தவர்கள் ஏராளம். பிழைத்தவர்களோடு நோயும் மலைக்கு ஏறியது. இலங்கை அரசு இவர்களைத் தடுத்து நிறுத்திப் பார்க்க ஏற்பாடு செய்ததற்குக் காரணம் நடந்து வந்தவர்கள் மீதான கரிசனமா, தோட்டங்களைப் பற்றிய பயமா? என்னைக் கேட்டால் ரெண்டாவதுதான். தூத்துக்குடிப் பக்கம் தட்டப்பாறையில் ஒரு முகாம் இருந்தது. 1914-ல் பாம்பன் பாலமும் தனுஷ்கோடி–தலைமன்னார் கப்பலும் வந்த பிறகு முக்கிய வாசல் மண்டபம் ஆனது. இந்திய மண்ணில் இலங்கை அரசு நடத்திய முகாம். அதே 1914-ல்தான் கொழும்பில் பிளேக் தலைகாட்டியது, கண்காணிப்பு இன்னும் இறுகியது.

உள்ளே என்ன நடந்தது? சில நாள் நிறுத்தி வைப்பார்கள். குளிக்க வைத்து, துணிமணியைக் கிருமிநீக்கம் செய்து, அம்மை குத்தி, காய்ச்சலோ பேதியோ வருகிறதா என்று பார்ப்பார்கள். எந்தத் தோட்டத்துக்குப் போகிற ஆள் என்பதற்கு ஒரு தகர டிக்கெட். அந்தத் தகரத்தைப் பத்திப் படிச்சப்போ எனக்கு மீன் பை மேல ஒட்டியிருக்கிற ஸ்டிக்கர்தான் ஞாபகம் வந்தது. உடனே கூச்சமாவும் இருந்தது. மனுஷனையும் மீனையும் ஒண்ணாப் பேசுறது சரியான்னு இந்த எபிசோட் எழுதும்போது பல தடவை நிறுத்தி யோசிச்சேன். ஆனா அவங்களைச் சரக்கு மாதிரி நடத்தினது நான் இல்லை. அந்த ஏற்பாடு அப்படித்தான் இருந்தது. அதை மழுப்பிச் சொன்னா அது வேற ஒரு தப்பு.

காத்திருந்து பார்க்கிறது காலராவுக்கு வேலை செய்யும். காலரா கிருமி உடம்புக்குள்ள போன சில மணி நேரத்தில இருந்து ஐந்து நாளுக்குள்ள தன்னைக் காட்டிடும். ரகூசாவோட நாற்பது மாதிரி இல்லாம, இங்கே நாள் கணக்கு நோயோட கடிகாரத்தைப் பார்த்து வந்தது. 2020-ல நம்ம வீட்டுக் கதவுல ஸ்டிக்கர் ஒட்டி 14 நாள்னு சொன்னாங்களே, அதுவும் இதே கணக்குதான்.

ஆனா தன்னைக் காட்டாத நோய் வந்தா? கொக்கிப்புழு அப்படி. வெறுங்கால் வழியா உடம்புக்குள்ள போய், குடல்ல ஒட்டி, மெதுவா ரத்தம் குடிக்கும். உள்ளே போய் ஒரு மாசத்துக்கு மேல ஆனாத்தான் மலத்தில முட்டையே தெரியும். ஆள் நடப்பார், சாப்பிடுவார், வேலை செய்வார். சோர்ந்து, வெளுத்துப்போய்த்தான் கண்டுபிடிக்க முடியும். சில நாள் காத்திருப்பில் இது சிக்காது. 1916-ல் ராக்பெல்லர் அறக்கட்டளை இலங்கையில் கொக்கிப்புழு ஒழிப்பைத் தொடங்கியது. நோய் இருக்கோ இல்லையோ, கூட்டமாக எல்லாருக்கும் மருந்து என்ற வழக்கம் தோட்டங்களுக்கு வந்தது. பின்னால் மண்டபத்திலேயே கொடுக்கத் தொடங்கினார்கள். தைமால், கீனோபோடியம் எண்ணெய், 1920-களில் கார்பன் டெட்ராகுளோரைடு. எல்லாமே அளவு தவறினா ஆளைக் கொல்லக்கூடிய மருந்துகள். குடிச்சவங்க கிட்ட யாரும் சம்மதம் கேட்டிருப்பாங்கன்னு நான் நம்பலை.

இன்னைக்குக் கடல் மீன் வளர்க்கிறவங்க ரெண்டு கட்சியாப் பிரிஞ்சு சண்டை போடுறதும் இதே கேள்வி மேலதான். ஒரு கட்சி, "நாலு வாரம் தனித் தொட்டியில வெச்சுப் பாரு, நோய் வந்தா மட்டும் மருந்து போடு"ன்னு சொல்லும். இன்னொரு கட்சி, "தெரியலைன்னாலும் இருக்குன்னு வெச்சுக்கிட்டு மருந்து போடு"ன்னு சொல்லும். முன்னது காலரா கட்சி, பின்னது கொக்கிப்புழு கட்சி. நான் ரெண்டாவது கட்சி, அதுவும் பயத்தோட.

ஏன் பயம்னா, மருந்து தாமிரம். சான் பிரான்சிஸ்கோவில் ஸ்டைன்ஹார்ட் மீன் காட்சியகத்தில் இருந்த டெம்ப்ஸ்டர், காப்பர் சல்பேட்டை வெல்வெட் நோய்க்குப் பயன்படுத்துவதைப் பற்றி 1955-ல் எழுதினார். காப்பர் சல்பேட்னா நம்ம ஊர் மயில்துத்தம், தோட்டத்துக்கு போர்டோ கலவை போட வாங்குறோமே, அதேதான். வெண்புள்ளிக்கும் அது கேட்கும். நீந்துற கட்டத்தில இருக்கிற ஒட்டுண்ணியைக் கொல்லும்; தோலுக்கு அடியில இருக்கிறதையும் ஓட்டுக்குள்ள இருக்கிறதையும் தொடாது. அதனால ஒவ்வொண்ணா வெளியே வர்ற வரைக்கும் வாரக்கணக்கில அளவு குறையாம வெச்சிருக்கணும்.

அளவு எவ்வளவு தெரியுமா? லிட்டருக்கு 0.15-ல இருந்து 0.2 மில்லிகிராம் தாமிரம். கீழே போனா ஒட்டுண்ணி பிழைக்கும், ரொம்ப மேல போனா மீன் சாகும். என் நாற்பது லிட்டர் தொட்டிக்குக் கணக்குப் போட்டா 8 மில்லிகிராம் தாமிரம். மயில்துத்தத்தில கால் பங்குதான் தாமிரம், அதனால 32 மில்லிகிராம். ஒரு சிட்டிகைகூட இல்லை. உரக்கடையில வாங்கிக் கையால அள்ளிப் போட்டுடாதீங்க. மீனுக்குன்னு விக்கிற, வேற மூலக்கூறோட பிணைச்ச தாமிர மருந்துகள் இருக்கு. அதுக்கு அளவே வேற, லிட்டருக்கு 2 மில்லிகிராம் மாதிரி வரும். டப்பாவைப் படிங்க, டெஸ்ட் கிட் வாங்குங்க. இறால், நத்தை, பவளம் எதுவும் தாமிரத்தில பிழைக்காது. சுண்ணாம்புக் கல்லு அதை உறிஞ்சிக்கும். அதனாலதான் குவாரன்டைன் தொட்டியில கல்லும் மணலும் இல்லாம வெறும் பைப். கல்லு இல்லைன்னா அமோனியாவைத் தின்கிற பாக்டீரியாவும் இல்லை. அதுக்குத்தான் முன்கூட்டியே பெரிய தொட்டித் தண்ணியில ஊறப்போட்ட ஸ்பாஞ்ச்.

மருந்தே வேண்டாம்னு ஒரு வழி இருக்கு, அது எனக்குப் பிடிச்சது. இஸ்ரேலைச் சேர்ந்த கொலோர்னி 1980-களில் வளர்ப்பு மீன்களில் சோதித்தது. மூணு நாளுக்கு ஒரு தடவை மீனைச் சுத்தமான, காய்ஞ்ச புதுத் தொட்டிக்கு மாத்தணும், நாலு தடவை. ஒட்டுண்ணி மீனை விட்டு விழுது, ஓடு கட்டுது, அது வெடிக்கக் குறைஞ்சது மூணு நாள். வெடிக்கிறதுக்குள்ள நாம மீனை எடுத்துட்டுப் போயிடறோம். கோட் எழுதுறவங்களுக்குச் சொல்றேன், இது சுத்தமான டைம்அவுட் விளையாட்டு. வெல்வெட்டுக்கு இது ஆகாது, வெண்புள்ளிக்கு மட்டும். ஆபீஸ் போறவனுக்கு மூணு நாளைக்கு ஒரு தடவை தொட்டி கழுவுறது முடியாத காரியம். அதனால நான் தாமிரத்துக்குப் போனேன்.

முப்பது நாள். தினமும் சாயங்காலம் தாமிரம் அளந்தேன், எக்செல்ல எழுதினேன். மீனுங்க நல்லாச் சாப்பிட்டுச்சு, ஒரு புள்ளி இல்லை. முப்பத்தி ஓராவது நாள் பெரிய தொட்டிக்கு மாத்தினேன். பன்னிரண்டாவது நாள் ரெண்டு மேலயும் வெள்ளைப் புள்ளி. ஒண்ணு செத்துடுச்சு.

கடைக்காரர் மேல கோபம், மருந்துக் கம்பெனி மேல கோபம். ஒரு வாரம் தொட்டிப் பக்கமே போகலை. அப்போதான் கொக்கிப்புழுக் கதையோட மீதியைப் படிச்சேன்.

இலங்கையில் அந்த மருந்து இயக்கம் தோட்டம் தோட்டமாகப் போனது. மருந்து குடித்தவர்களின் வயிற்றில் புழு குறைந்தது. சில மாதத்தில் திரும்ப வந்தது. ஏனென்றால் லயங்களில் கழிப்பறை இல்லை. தேயிலைச் செடிகளுக்கு நடுவேதான் ஒதுங்க வேண்டும், அந்த மண்ணில்தான் வெறுங்காலோடு கொழுந்து பறிக்க வேண்டும். கழிப்பறை கட்டுங்கள் என்று மருத்துவர்கள் கேட்டார்கள்; தோட்ட நிர்வாகங்கள் பலவும் செலவுக் கணக்குப் பார்த்து இழுத்தடித்தன. மருந்துக்கு ஒத்துக்கொள்வது சுலபம், அது வருகிறவன் உடம்போடு முடிந்துவிடும். கழிப்பறை என்றால் தோட்டமே மாற வேண்டும். நோயைக் கொண்டுவருபவன் புதிதாக வருகிற கூலி என்று சொல்லி, மண்டபத்து வாசலைக் காவல் காத்தார்கள். புழு உள்ளே, தோட்டத்து மண்ணில் இருந்தது.

என் தொட்டியில மிஞ்சின கோமாளி மீனை ஞாபகம் வெச்சுக்கச் சொன்னேனே? வெண்புள்ளியில பிழைச்ச மீனுக்குக் கொஞ்ச காலம் ஓரளவு எதிர்ப்புச் சக்தி இருக்கும். அதோட உடம்பு மேல புள்ளி தெரியாது. செவுள்ல ஒண்ணு ரெண்டு ஒட்டியிருக்கும், விழும், ஓடு கட்டும், திரும்ப அதே மீன் மேல ஏறும். மாசக்கணக்கா அந்தச் சக்கரம் என் ஹால்ல அமைதியா ஓடிக்கிட்டு இருந்திருக்கு. நான் முப்பது நாள் சுத்தம் பண்ணின மீனைக் கொண்டுபோய் அதுக்குள்ள போட்டேன். புதுசா வந்த ரெண்டையும் சந்தேகப்பட்டு விஷத்தில வெச்சேன். பழைய ஆளை ஒரு நாள்கூடச் சந்தேகப்படலை.

வெளியூர்ல இருந்து வேலைக்கு வர்றவங்களால நடக்கிற ஊர் நம்ம ஊர். யாருக்காவது காய்ச்சல்னா முதல்ல எந்த லைன் வீட்டைக் காட்டுவோம்னு உங்களுக்கே தெரியும். அதோட நிறுத்திக்கறேன்.

தொட்டியைச் சுத்தம் பண்ண ஒரே வழி, எல்லா மீனையும் வெளியே எடுத்துட்டு வெறும் கல்லோட ஓட விடுறது. ஒட்டுண்ணிக்கு மீன் கிடைக்காம செத்துப்போகணும். எத்தனை நாள்? கொலோர்னியும் பர்ஜெஸும் 1997-ல் எழுதின கட்டுரையில, ஓட்டுக்குள்ள இருந்து வெளிவர எடுத்த அதிகபட்சம் 72 நாள். அதுக்கு மேல ஒரு நாலு நாள் பாதுகாப்புக்குச் சேர்த்து 76-ன்னு பொழுதுபோக்குக்காரங்க வெச்சுக்கிட்டாங்க. வெதுவெதுப்பா வெச்சா 45 போதும்னு இப்போ சிலர் சொல்றாங்க. எனக்கு 76.

மண்டபம் முகாமோட கதையும் காலராவோட முடியலை. 1939-ல் இந்திய அரசு இலங்கைக்குக் கூலி வேலைக்கு ஆள் போவதை நிறுத்தியது. 1947-ல் தொடங்கிய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் 1949-ல் மண்டபம் கேம்ப்புக்குக் குடிவந்தது. தலைமையகம் 1971-ல் கொச்சிக்குப் போகும் வரை அங்கேதான். 1964 சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு, தோட்டத்தில் பல தலைமுறை வாழ்ந்தவர்கள் திரும்பி வந்தபோது அவர்களை முதலில் தங்க வைத்த இடமும் மண்டபம். 1983-க்குப் பிறகு அகதிகள். 2022-ல் இலங்கைப் பொருளாதாரம் விழுந்தபோது படகில் தனுஷ்கோடி வந்து இறங்கியவர்களையும் அங்கேதான் கொண்டுபோய் வைத்தார்கள். அதே ஊரில், 2010-ல், கடல்விரால் மீனை இந்தியாவில் முதன்முதலாகத் தொட்டியில் இனப்பெருக்கம் செய்ய வைத்தார்கள். கடலில் பிடித்த தாய் மீனை மற்ற மீன்களோடு விடுவதற்கு முன்னால் நன்னீரில் முக்கி எடுத்து ஒட்டுண்ணி நீக்குவது அங்கே வழக்கம்.

என் பெரிய தொட்டியில இப்போ மீன் இல்லை. ரெண்டு நத்தையும் ஒரு சன்னியாசி நண்டும் மட்டும் சுத்திக்கிட்டு இருக்கு. பழைய கோமாளி மீனும் பிழைச்ச புது மீனும் பைப்புக்குள்ள ஆளுக்கொரு பக்கம், தாமிரத் தண்ணியில. தினமும் அப்பா வந்து வெறும் கல்லைப் பார்த்துட்டு, "இன்னும் எத்தனை நாளுடா?"ன்னு கேட்கிறார். இன்னைக்கு நாற்பத்தி ஒண்ணு.